அம்மி பறக்கும் மாதத்தில் தெர்மகோல் விண்கலம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஐந்து பேர், பொறியியல் கடைசி ஆண்டு. ஸ்டார் வார்ஸ் உலகத்தை வைத்து 12 நிமிடத்தில் ஒரு ரசிகர் படம் எடுக்கிறோம். பாலைவனக் கிரகத்துக்காகத் திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் மேட்டில் ஆடி மாதம் நான்கு நாள் ஷூட்டிங். காற்று எங்களைக் கொன்றுவிட்டது. தெர்மகோல் விண்கலம் இரண்டாம் நாளே பறந்துபோனது, லென்ஸ் முழுக்க மணல், பேசிய வசனம் ஒன்றுகூடத் தேறவில்லை. ரெக்சின் கவசம் போட்டிருந்த நண்பன் மதியம் மயங்கி விழுந்தான். அந்த ஷாட் பிரமாதமாக வந்திருக்கிறது, படத்தில் வைத்துவிட்டோம்! இப்போது ஒலியை மொத்தமாக அழித்துவிட்டு அறைக்குள் டப்பிங் செய்து, நெட்டில் கிடைக்கும் இசையைப் போடுகிறோம். என் கேள்வி இதுதான்: தேரி மண் ரத்தச் சிவப்பு, ஸ்டார் வார்ஸில் வரும் கிரகமோ வெளிறிய மஞ்சள். எடிட்டில் நிறத்தை மாற்றிவிடலாமா? உரிமைப் பிரச்சினை வருமா? அடுத்தவன் கதையை எடுப்பது நேர விரயம் என்கிறார் அப்பா.

ம.

அன்புள்ள ம.,

நிறம் உங்கள் இஷ்டம். உரிமைக்காரர்கள் ரசிகர் படங்களுக்குப் போட்டி வைத்துப் பரிசே கொடுத்தவர்கள், நீங்கள் காசு பார்க்காமல் இருந்தால் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதைவிட, அந்தத் தேரி காப்புக்காடு, வனத்துறையிடம் கேட்டீர்களா? அப்பாவோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

'காற்று எங்களைக் கொன்றுவிட்டது' என்ற வரியில்தான் நான் நின்றுபோனேன். தம்பி, அந்தத் தேரியே காற்று கொண்டுவந்து கொட்டியதுதான். நீங்கள் ஏறி நின்ற மேடு, அதன் வளைவு, காலடித் தடத்தை அரை மணியில் அழித்துப்போடும் அந்த மணல், எல்லாம் அது செய்த வேலை. மணலின் மேல் பூசியிருக்கும் இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு. செவ்வாய்க் கிரகம் சிவந்திருப்பதற்கும் அதே துருதான் காரணம். இப்படி ஓர் அரங்கை ஓசியில் கட்டிக் கொடுத்தவனையே எதிரி என்கிறீர்கள். அம்மியே பறக்கும் மாதத்தில் தெர்மகோலைத் தூக்கிக்கொண்டு போனது யார் குற்றம்?

என் ஆச்சி வீடு தேரியை ஒட்டிய ஊரில். கோயில் கொடைக்குப் போனால் சோற்றில் மணல் நறநறக்கும், ஆச்சி பனையோலைப் பெட்டியைக் கவிழ்த்து மூடித்தான் குழம்பை வைப்பாள். ஒருமுறை மாமா துபாயிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். ஆச்சியை முற்றத்தில் உட்காரவைத்துப் பழைய கதையெல்லாம் சொல்லச் சொல்லிப் பதிந்தேன். போட்டுக் கேட்டால் அரை மணி நேரமும் காற்று, காய்ந்த பனையோலை சலசலக்கிற சத்தம், நடுவில் இரண்டே இடத்தில் அவள் குரல். அதிலும் ஒன்று, "ஏல, மண்ணு விழுது, உள்ள வா." கெட்டுப்போச்சு என்று அந்த கேசட்டில் சினிமாப் பாட்டைப் பதிந்தேன். ஆச்சி 1991இல் போய்விட்டாள். என்ன பாட்டைப் பதிந்தேன் என்றுகூட இப்போது நினைவில்லை.

அதனால்தான் 'மொத்தமாக அழித்துவிட்டு' என்று எழுதியதைப் படித்ததும் கோபம் வந்தது. நீங்கள் கும்பிடுகிற அந்தப் படங்களின் ஒலியை அமைத்த பென் பர்ட் என்ன செய்தார் தெரியுமா? ரேடியோ கோபுரத்தை இழுத்துக் கட்டியிருக்கும் கம்பியைச் சுத்தியலால் தட்டித் துப்பாக்கிச் சத்தத்தைப் பிடித்தார். ஒளிவாளின் ரீங்காரத்தில் இருப்பது ஒரு பழைய ப்ரொஜெக்டரின் மோட்டார். எதிரி விண்கலம் சீறிக்கொண்டு போவது யானைப் பிளிறலும் ஈரச் சாலையில் கார் ஓடும் சத்தமும் கலந்தது. வாளும் கவசமும் செய்ய உங்களுக்கு மாதக்கணக்கில் பொறுமை இருந்திருக்கிறது, காதுக்கு மட்டும் டவுன்லோடு போதுமா?

மைக்கில் நேராக மோதும் காற்று வெறும் தடதடப்புதான், அதை யாரும் காப்பாற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்றுக்கென்று தனியாகக் குரல் கிடையாது, எதில் மோதுகிறதோ அதுதான் கத்தும். பனங்காட்டு நரியின் பழமொழியைச் சொன்னவன் அந்தச் சலசலப்பை நின்று கேட்டவன். மேட்டுக்குப் பின்னால் காற்று மறைவில் உட்கார்ந்து, மைக்குக்கு ரோம உறை மாட்டி, ஓலைக்குக் கீழே பத்து நிமிடம் யாரும் பேசாமல் பதிந்து பாருங்கள். ரெக்சின் மேல் மணல் வந்து அடிப்பதையும் தனியாகப் பிடியுங்கள். உடைமரத்தில் அதே காற்று வேறு மாதிரிக் கேட்கும். வசனத்தை ஷாட் முடிந்த கையோடு, மூச்சு வாங்கல் அடங்கும் முன், கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்து பேசியிருக்கலாம். ஏசி அறையில் மூன்று மாதம் கழித்துப் பேசினால் பாலைவனத்தில் நடந்தவன் குரலா வரும்? பரீட்சைக்கு ஒப்பிக்கிற குரல்தான் வரும். ஆகவே இன்னொரு முறை போங்கள், கேமரா இல்லாமல். மஞ்சளா சிவப்பா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. ஆடி வெயிலில் ரெக்சினுக்குள் ஒரு பையன் வெந்து விழுந்திருக்கிறான், அதை ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கிறீர்கள். கேமராவை எப்போது நிறுத்தினீர்கள்? தண்ணீராவது கையில் இருந்ததா? அவன் இப்போது எப்படி இருக்கிறான்? கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன், அது மட்டும் அதில் இல்லை.