பொகவந்தலாவைக்குப் போகிறவருக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு 29 வயது. கோத்தகிரியில் இருக்கிறேன். எங்கள் குடும்பம் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தது. அப்பாயி இங்கே டான்டீயில், அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறித்தவர். அவருடைய தங்கை குடும்பம் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலேயே தங்கிவிட்டது. கடிதம் நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

வரும் பிப்ரவரியில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறை போய், யாழ்ப்பாணத்தில் பைக் வாடகைக்கு எடுத்து, கண்டி, ஹட்டன், நுவரெலியா, எல்ல, அருகம் குடா என்று ஏழு நாளில் இலங்கையைக் குறுக்காக ஓட்டிப் பார்க்கத் திட்டம். ஹட்டனில் ஒதுங்கி அந்த வீட்டுக்கும் ஒரு மணி நேரம் போய்வரலாம் என்று நினைக்கிறேன். அப்பா வேண்டாம் என்கிறார். "எதுக்கு வந்தான்னு அவங்க நினைப்பாங்க, இல்ல அவங்க ஏதாச்சும் கேப்பாங்க, ரெண்டுமே சங்கடம்" என்கிறார். முகமே தெரியாத சொந்தக்காரர் வீட்டு வாசலில் ஹெல்மெட்டோடு போய் நிற்பது சரியா?

க., கோத்தகிரி

*

அன்புள்ள க.,

கட்டாயம் போங்கள். ஆனால் ஒரு மணி நேரத்துக்கென்று போகாதீர்கள்.

அந்தக் குடும்பம் எப்படிப் பிரிந்தது என்று பாருங்கள். 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் அவர்களை 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு வைத்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அண்ணன் இந்தியாவுக்கு மனுப் போட்டான், தம்பி இலங்கைக்குப் போட்டான். இரண்டு பேரும் இந்தியாவுக்கே போட்டிருந்தாலும் பாஸ்போர்ட் வந்த வரிசையில்தான் கிளம்ப முடிந்தது. மலையிலிருந்து கோச்சியில் (ரயிலில்) தலைமன்னார், அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். 1983 கலவரத்துக்குப் பின் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே அங்கே தங்கிப்போனவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் இலங்கைக் குடியுரிமை கிடைத்தது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் சின்னப் பாட்டி 'தங்கிவிட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் வரத்தான் காத்திருந்தாரா? உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா? தங்கை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என அப்பாயி நினைத்திருக்கலாம். அக்கா விட்டுவிட்டுப் போய்விட்டாள் என அங்கே ஒருவர் நினைத்திருக்கலாம். இது ஒரு மணி நேரத்தில், பைக்கை ஆஃப் செய்து திரும்ப ஸ்டார்ட் செய்வதற்குள் பேசக்கூடியது அல்ல. இராத் தங்க வேண்டும். சாப்பிட்டு முடித்து, பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் பெரியவர்கள் இதையெல்லாம் பேசுவார்கள்.

முன்னறிவிப்பு இல்லாமல் போய் நிற்காதீர்கள். தோட்டத்தில் வேலை 'பேர்' கணக்கு. சொன்ன அளவு கொழுந்து எடைக்கு வந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். புதன்கிழமை நீங்கள் வந்து நின்றால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அன்றைய சம்பளம் போகும். அவர் அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்கிற மாதிரி வைத்துக்கொண்டு ஞாயிறு முழுவதும் இருங்கள். இளவட்டங்கள் பலர் கொழும்பில் கடைகளில் வேலை பார்க்கிறார்கள், வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை முதலில் போனில் பிடித்துவிட்டால் தகவல் அன்றைக்கே லயத்துக்குப் போய்விடும்.

ஆளைக் கண்டுபிடிப்பதற்கு வீட்டு எண்ணும் தெருப் பெயரும் உதவாது. தபால்கூடத் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் (அலுவலகத்துக்குத்தான்) போகும். உங்களுக்குத் தேவை தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், எந்தக் கங்காணியின் ஆட்கள் என்பவைதான். ஒரே தோட்டத்துக்கு எழுத்தில் ஆங்கிலப் பெயரும் மக்கள் வாயில் தமிழ்ப் பெயரும் இருக்கும். இரண்டையும் அப்பாயியிடம் கேளுங்கள். அப்பாயியின் பழைய பாஸ்போர்ட்டும், வரும்போது கொடுத்த குடும்ப அட்டையும் வீட்டில் எங்காவது கிடக்கும். தேடி எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பொகவந்தலாவை டவுனில் நாலு கடையில் விசாரித்தால் மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

உங்கள் பாட்டிக்குத் தங்கை என்றால் அவருடைய மகன் உங்களுக்குச் சித்தப்பாவோ பெரியப்பாவோ. நீங்கள் யாரென்று விளங்கியதும், தேத்தண்ணி கொதிப்பதற்குள் முறை சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் பயப்படுகிற சங்கடம் முதல் பத்து நிமிடத்தோடு சரி. ஏதாவது கேட்பார்கள் என்பதைப் பற்றி: கேட்டால்தான் என்ன? முடிந்ததைச் செய்யுங்கள், முடியாததை முடியாது என்று சொல்லுங்கள். நீங்களாகக் கொடுப்பதென்றால் சின்னப் பாட்டி காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு அவர் கையில் கொடுங்கள். ஒரு சேலையும் கொண்டுபோங்கள். அதைவிட முக்கியம், அப்பாயி பேசுவதை இப்போதே வீடியோ எடுத்து வைப்பது.

இனி பைக். ஏ-9 சாலையில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி சுமார் 320 கிலோமீட்டர். ஒரே நாளில் அடிக்காமல் தம்புள்ளையில் தங்குங்கள். கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டன். பிறகு டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை. பிப்ரவரி நல்ல மாதம், மழை குறைவு. ஆனால் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம், வார இறுதியில் ஹட்டன் சாலையில் வண்டிகள் அடைத்துக்கொள்ளும். மாசி பிறந்திருந்தால் சில தோட்டங்களில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும். அதற்கு ஒரு நாள் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் எடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை அங்கும் அங்கீகரித்து வாங்க வேண்டும், வண்டி எடுப்பதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். அதிவேகச் சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. எப்படியும் நீங்கள் போகும் பக்கம் அவை இல்லை.

டவுனுக்கு மேலே தோட்டத்துச் சாலை கல்லும் குழியுமாக இருக்கும். பஸ் கீழேயே நின்றுவிடும். அங்கேதான் உங்கள் பைக் உண்மையில் பயன்படப்போகிறது. இன்னொரு டிவிஷனில் அத்தை, மஸ்கெலியாவில் மாமா என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். சித்தப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர் சொல்லும் வழியில் போங்கள். வண்டி எடுக்கும்போதே இரண்டாவது ஹெல்மெட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள், பின்னால் இருப்பவருக்கும் அங்கே கட்டாயம். எல்லவும் அருகம் குடாவும் இந்தப் பயணத்தில் விட்டுப்போனால் போகட்டும்.

ஹெல்மெட்டில் கேமரா மாட்டுபவராக இருந்தால் டவுனிலேயே கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். அந்த லயத்துக் காம்பராவையும் (அறையையும்) அதில் இருப்பவர்களின் அழுகையையும் யாருக்கும் காட்ட வேண்டாம். படம் எடுக்கும்படி அவர்களே சொல்வார்கள், அக்காவுக்குக் காட்ட. அப்போது எடுங்கள்.

கப்பல் டிக்கெட்டை இப்போதே போட வேண்டாம். கடல் நிலையைப் பொறுத்து அந்தச் சேவை அவ்வப்போது நிற்கிறது. முதலில் அப்பாயியிடம் உட்கார்ந்து தோட்டத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். எழுதி வாங்கியதும் எனக்கும் அனுப்புங்கள். ஹட்டன் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், விசாரித்துச் சொல்கிறேன்.