கீமோ நடக்கும்போது காளான் குளிசை கொடுக்கலாமா?

கேள்வி: நிலாவெளியில் வசிக்கிறோம். அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து கீமோ நடக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்பரினும் எடுக்கிறார். லண்டனிலிருந்து சித்தப்பா ரெய்ஷி, டேர்க்கி டெயில் காளான் குளிசைகள் அனுப்பியிருக்கிறார். இவையே போதும், கீமோவை நிறுத்துங்கள் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கீமோவை நிறுத்தாதீர்கள். வார்பரின் எடுக்கும் காலம் முழுவதும் ரெய்ஷியைத் தொடவும் வேண்டாம்.

சித்தப்பா சொல்வது முழுக்கக் கட்டுக்கதையும் அல்ல. டேர்க்கி டெயிலிலிருந்து பிரித்தெடுத்த பி.எஸ்.கே. என்ற பொருளை ஜப்பான் 1977இல் புற்றுநோய் மருந்தாகவே அங்கீகரித்தது. இரைப்பைப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 262 பேரிடம் அங்கு நடந்த ஆய்வொன்று 1994இல் வெளியானது. கீமோ மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதத்தினர் ஐந்து ஆண்டுகள் தாண்டியும் உயிரோடிருந்தார்கள். கீமோவுடன் பி.எஸ்.கே.யும் பெற்றவர்களில் 73 சதவீதத்தினர். 'கீமோவுடன்' என்பதை அடிக்கோடிட்டுச் சித்தப்பாவுக்கு அனுப்பிவையுங்கள். காளானை மட்டும் நம்பியிருந்த ஒருவர்கூட அந்த ஆய்வில் இல்லை.

காளானிலுள்ள பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து, புற்றுக் கலத்தை நேரடியாகத் தாக்குவதைவிட, வெள்ளணுக்களில் உள்ள டெக்டின்-1 என்ற ஏற்பியைப் பற்றிப்பிடித்து அவ்வணுக்களை உசுப்பிவிடுகிறது. ஷிடாக்கே காளானின் லென்டினனும் இப்படித்தான்; ஆனால் ஜப்பானில் அதை ஊசி மருந்தாக ஏற்றினார்கள். கோர்டிசெப்ஸ் காளானிலுள்ள கோர்டிசெபின் என்ற இன்னொரு பொருள் ஆய்வுகூடத்தில் புற்றுக் கலங்களைக் கொல்கிறது. உடலுக்குள் போனதும் ஒரு நொதி அதை வேகமாகச் சிதைத்துவிடுகிறது. "காளான் புற்றுநோயை அழிக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வருபவற்றில் இந்த இரண்டாம் பாதி எப்போதும் காணாமல் போய்விடும்!

போத்தலைத் திருப்பிச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். 'மைசீலியம்', 'அரிசி', 'ஓட்ஸ்' என்றிருந்தால் அது தானியத்தில் வளர்த்த காளான் இழையைத் தானியத்தோடு சேர்த்து அரைத்தது. மாச்சத்து நிறைய இருக்கும். 'பொலிசக்கரைட்' (பல சர்க்கரைகள் கோத்த பொருள்) எவ்வளவு என்று மட்டும் போட்டிருந்தால் அந்தக் கணக்கில் மாச்சத்தும் அடங்கும். பீட்டா குளூக்கன் அளவைத் தனியாகக் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். குறித்திருந்தாலும் அது மருந்துத் தரத்தில் தயாரித்த பி.எஸ்.கே. ஆகிவிடாது.

ரெய்ஷி இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியது. வார்பரினும் அதைத்தான் செய்கிறது. கீமோவோ இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளைக் குறைக்கும். மூன்றும் ஒரே உடலில் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். ரெய்ஷித் தூள் எடுத்தவர்களுக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாகவும் மருத்துவப் பதிவுகள் உண்டு. அம்மா ஏற்கெனவே எடுக்கத் தொடங்கியிருந்தால், ஏசுவார்களோ என்று மறைக்காமல் உடனே வைத்தியரிடம் சொல்லி இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்யுங்கள். டேர்க்கி டெயிலைக் கொடுப்பதா இல்லையா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். அடுத்த கிளினிக்கிற்குப் போகும்போது இரண்டு போத்தல்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

சாப்பாட்டுக் காளானுக்குத் தடையில்லை. சந்தையில் வாங்கும் சிப்பிக்காளானை நன்றாக வேகவைத்துப் பால்கறியாக வைத்துக் கொடுக்கலாம். கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும் என்பதால் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வேண்டாம். மழைக்குப் பிறகு வளவில் முளைப்பதைப் பிடுங்கிச் சமைக்கவே கூடாது.