கேள்வி – பதில்: பயாஸ் ஏற்றும்போது வரும் வில்லங்கங்கள்

கேள்வி: பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் பாதியில் நின்றதிலிருந்து என் லேப்டாப்பில் திரையே வருவதில்லை. பயாஸ் சிப்பை நேரடியாகப் படித்து எழுத சிஎச்341ஏ யூஎஸ்பி புரோகிராமரும், சிப்பின் கால்களைக் கவ்வும் கிளிப்பும் வாங்கினேன். ஒரு தடவை ‘சிப் இல்லை’ என்கிறது. மறுதடவை படிக்கிறது, ஆனால் ஃபைல் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது. இப்படியே எழுதிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. படிப்பே தடுமாறும்போது எழுத்து எப்படிச் சரியாக விழும்?

முதலில் சிப்பின் முதுகில் உள்ள எண்ணை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வின்பாண்ட் 25க்யூ64எஃப்வி என்றால் 3.3 வோல்ட். அதே எண் எஃப்டபிள்யூ என்று முடிந்தால் 1.8 வோல்ட், அதற்கு 1.8 வோல்ட் அடாப்டர் இல்லாமல் கிளிப்பை மாட்டவே வேண்டாம். கறுப்பு நிற புரோகிராமர்கள் பலவற்றில் இன்னொரு கோளாறு உண்டு: சிப்புக்கு 3.3 வோல்ட் போகும், டேட்டா கால்களில் மட்டும் 5 வோல்ட் வரும். மாட்டும் முன் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள்.

சார்ஜர், பேட்டரி, மதர்போர்டில் காசு பேட்டரி இருந்தால் அது என எல்லாவற்றையும் கழற்றுங்கள். சிப்பின் மூலையில் புள்ளி இருக்குமிடம் 1-ஆம் கால். கிளிப்பின் சிவப்பு ஒயர் அங்கேதான் வர வேண்டும். கால்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பிரஷால் துடையுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம், எட்டில் ஏதோ ஒரு கால் சரியாகப் பதியாததுதான். யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வேண்டாம், நேரடியாகச் செருகுங்கள்.

இனி மூன்று முறை படித்து, மூன்று ஃபைலின் ஹாஷையும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள். 64 மெகாபிட் சிப் என்றால் ஃபைல் 83,88,608 பைட் இருக்கும். ஹாஷ் ஒன்றாக இருந்தாலும் ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) ஒரு பார்வை பாருங்கள். முழுக்க எஃப்எஃப் அல்லது முழுக்கப் பூஜ்யம் என்றால் வந்தது வெறும் குப்பை.

இத்தனைக்கும் பிறகும் சிப் தெரியவில்லையா? 8-ஆம் காலில் நீங்கள் கொடுக்கும் மின்சாரம் மதர்போர்டின் மற்ற பாகங்களுக்கும் பாய்ந்து, வோல்டேஜ் தொய்ந்துவிடுவதே பெரும்பாலும் காரணம். சார்ஜரைச் செருகிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். இரண்டு மின்சாரமும் மோதினால் யூஎஸ்பி போர்ட்டும் போகலாம். ஹாட் ஏரில் (சூடான காற்றால் ஈயத்தை உருக்கும் கருவி) சிப்பைக் கழற்றி, சாக்கெட்டில் வைத்துப் படிப்பதே வழி.

கேள்வி: தயாரிப்பாளர் தளத்திலிருந்து எடுத்த பயாஸ் ஃபைல் 8 எம்பியை விடச் சற்றுப் பெரிது. சிப்பில் எழுதும் ஃபிளாஷ்ரோம் மென்பொருள் ஏற்க மறுக்கிறது. வாலை வெட்டிவிடலாமா?

பதில்: வெட்ட வேண்டியது வாலையல்ல, பெரும்பாலும் கூடுதல் பைட்டுகள் தலைப்பக்கத்தில், அப்டேட் மென்பொருளுக்கான உறையாக இருக்கும். பயாஸ் ஃபைல்களைப் பிரித்துக் காட்டும் யூஇஎஃப்ஐடூல் மென்பொருளில் திறந்தால் எது உறை, எது உள்ளடக்கம் என்று பிரித்துக் காட்டும். பிரித்தெடுத்த உள்ளடக்கத்தையும் அப்படியே சிப்பில் ஊற்றாதீர்கள். சீரியல் எண், விண்டோஸ் கீ, சிலவற்றில் நெட்வொர்க் முகவரி எல்லாம் பழைய டம்பில்தான் (உங்கள் சிப்பிலிருந்து முதலில் படித்தெடுத்த ஃபைல்) இருக்கின்றன. அதன் பிரதியில் பயாஸ் பகுதியை மட்டும் மாற்றுங்கள். சீரியல் எண்ணும் கீயும் அந்தப் பகுதிக்குள்ளேயே இருந்தால் பழையதிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். மூல டம்பை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: இன்னொருவரின் டம்பை ஏற்றினேன். லேப்டாப் ஓடுகிறது, ஆனால் சரியாக 30 நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. சூடு காரணமா?

பதில்: சூடு கடிகாரம் பார்த்து அணைக்காது. பயாஸ் சிப்பில் உள்ள இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின் (எம்ஈ, இன்டெல் சிப்செட்டுக்குள் தனியே இயங்கும் கட்டுப்பாட்டு அமைப்பு) பகுதி சரியில்லாதபோது வரும் அடையாளம் இது. அந்த டம்பில் வேறொரு போர்டில் பதிந்த அமைப்புகள் இருக்கின்றன. அதே பதிப்பின் சுத்தமான எம்ஈ பகுதியை உங்கள் பழைய அமைப்புகளோடு சேர்த்து மறுபடி எழுதுங்கள். எழுதியபின் முதல் தடவை திரை வர இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம், தானாக ரீஸ்டார்ட்டும் ஆகலாம். பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.