மோதலில் கார் நசுங்கலாமா? கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, பழைய கார் கல்லு மாதிரி நிக்கும். இப்ப வர்ற காரு முன்னாடி இப்படி நசுங்குதே?

நசுங்கத்தான் செய்திருக்கிறார்கள் தம்பி. மணிக்கு 64 கி.மீ. என்பது நொடிக்கு 17.8 மீட்டர். முன்பக்கம் 60 செ.மீ. மடங்கி நின்றால் காரின் வேகம் குறையும் விகிதம் சராசரி 27 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் 27 மடங்கு, 30 செ.மீ.யிலேயே நின்றால் 54 ஜி. மடங்கக் கூடாதது ஆட்கள் உட்காரும் அறை.

மேலூரிலிருந்து: பம்பருக்கு முன்னாடி இரும்பு கார்டு போட்டிருக்கேன், பரவாயில்லையா?

கழற்றிவிடுங்கள். மடங்க வேண்டிய பகுதியைத் தாண்டி அடி நேராக வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குப் போகும். சென்சாருக்கு எட்டும் அதிர்வும் மாறுவதால் ஏர்பேக் விரியும் நேரம் தவறலாம். நடந்து போகிறவருக்கு இன்னும் ஆபத்து. 2017 டிசம்பரிலேயே ஒன்றிய அரசு தடுத்துவிட்டது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், அந்த இடத்தில் பிரியும் தையல் இல்லாத சீட் கவரையும் போடாதீர்கள்.

இன்ஜினியரிங் மாணவி: சார், மோதலைக் கணினியில் நடத்திப் பார்க்கும் எல்எஸ்-டைனா மென்பொருளில் என் கார் மாடல் நாள் கணக்கா ஓடுது. சீக்கிரம் முடிய, கணக்கில் எடையைக் கூட்டிக் காட்டும் மாஸ் ஸ்கேலிங் போடலாமா?

முதலில் மெஷ்ஷை, அதாவது காரை எலிமென்ட் என்ற சின்னத் துண்டுகளாகப் பிரித்த வலையைப் பாரும்மா. எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் போகும். எலிமென்ட் 5 மி.மீ. என்றால் ஒலி அதைக் கடக்க ஏறத்தாழ 1 மைக்ரோ நொடி; கணக்கின் ஒரு படி, அதாவது டைம் ஸ்டெப், அதற்கு மேல் போக முடியாது. 120 மில்லி நொடி மோதலுக்கு 1,20,000 படி. எங்கோ ஒரு 1 மி.மீ. எலிமென்ட் கிடந்தால் மொத்த மாடலும் ஐந்து மடங்கு நேரம் இழுக்கும். அவற்றைச் சரிசெய்த பிறகு மாஸ் ஸ்கேலிங் போடலாம். கூடும் எடை ஓரிரு சதவீதத்தைத் தாண்டாமலும் ஒரே இடத்தில் குவியாமலும் பார்த்துக்கொள். ஹவர்கிளாஸ் எனர்ஜி (எலிமென்ட் பொய்யாக நெளிவதில் போகும் ஆற்றல்), இன்டர்னல் எனர்ஜியில் (உலோகம் மடங்குவதில் சேரும் ஆற்றல்) 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைக்கும் ஸ்பாட் வெல்டுக்கு முறியும் அளவு கொடுத்தாயா? கொடுக்காவிட்டால் வெல்ட் பிரியவே பிரியாது, முன்கண்ணாடியின் பக்கத்துத் தூணான ஏ பில்லர் நிஜத்தைவிட உறுதியாகத் தெரியும். படம் அழகாக வரும், முடிவு பொய்.

அவனியாபுரத்திலிருந்து: உயிருக்கு விலை போட்டுக் கணக்குப் பார்க்கிறது நியாயமா சார்?

கணக்கு வேண்டும், அதில் எதைச் சேர்க்கிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது. 1973-இல் ஃபோர்டில் எழுதிய குறிப்பைப் பாருங்கள். கார் கவிழும்போது பெட்ரோல் கசியாமல் தடுக்க வண்டிக்கு 11 டாலர், 1.25 கோடி வண்டிக்குச் சுமார் 13.7 கோடி டாலர். மறுபக்கம் 180 சாவு, ஆளுக்கு 2 லட்சம். தீக்காயமும் எரிந்த வண்டியும் சேர்த்து 4.95 கோடி. செலவுதான் அதிகம் என்று முடித்தார்கள். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் கவிழ்வதை மட்டும் எண்ணினார்கள், பின்னாலிருந்து மோதித் தீப்பிடிப்பது அதில் இல்லை. வண்டி வாங்குபவரிடம் 11 டாலர் தருவீர்களா என்று யாரும் கேட்கவும் இல்லை.

மறுபடி திருமங்கலம்: அஞ்சு ஸ்டார் வாங்கினா நாலு வழிச்சாலையில பயமில்லையே?

இந்தியாவில் காருக்கு ஸ்டார் கொடுக்கும் பாரத் என்கேப் திட்டத்தின் முன்மோதல் சோதனை 64 கி.மீ. வேகத்தில், காரின் அகலத்தில் 40 சதவீதம் நசுங்கும் தடுப்பில் படுகிற மாதிரி நடக்கும். 100 கி.மீ.யில் ஆற்றல் அதைப்போல் 2.4 மடங்கு. ராத்திரி ரோட்டோரம் நிற்கும் லாரியின் பின்னால் புகுந்தால் மடங்கும் பகுதி அடியில் போய்விடும், அடி கண்ணாடிக்கும் ஏ பில்லருக்கும். அதற்கு ஸ்டார் பதில் சொல்லாது. லாரியின் பின்னால் உறுதியான தடுப்புக் கம்பியும் ஒளிரும் பட்டையும் வேண்டும். கார்க்காரர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.