வாசகர் கேள்வி: ஆதித்யா இருக்கக் கொடைக்கானல் எதற்கு?

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர்களைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ‘ஆதித்யா-எல்1 இரவு பகல் இல்லாமல் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பாதி நாள் மூடுபனியில் கிடக்கும் இந்த மலையிலிருந்து ஏன் இன்னமும் படம் எடுக்கிறார்கள்?’ என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். தாங்கள் விளக்கினால் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.
– ஓர் ஆசிரியை, வில்பட்டி

பதில்: அந்த மாணவிக்கு முதலில் நம் பாராட்டைத் தெரிவியுங்கள். விண்வெளித் தொலைநோக்கிகளுக்கு ஆகும் செலவைப் பற்றி விவாதிக்கும் பெரியவர்கள்கூட இவ்வளவு நேராக இதைக் கேட்பதில்லை.

இந்தியா அனுப்பிய சூரிய ஆய்வு விண்கலமான ஆதித்யாவால் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் எவை என்பதிலிருந்து தொடங்குவோம். சூரியனிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களையும் புற ஊதாக் கதிர்களின் பெரும்பகுதியையும் நம் காற்று மண்டலம் மேலேயே உறிஞ்சிவிடுகிறது. நாம் உயிர் வாழ்வதற்கு அது நல்லது. ஆனால் அந்தக் கதிர்களில் சூரியனைப் பார்க்க விரும்புகிறவர் எவ்வளவு உயரமான மலையில் ஏறினாலும் பயனில்லை. சூரியனைச் சுற்றியுள்ள கொரோனா என்னும் வெளி வளிமண்டலத்தின் நிலையும் ஏறக்குறைய அதுவே. சூரியத் தட்டின் ஒளியில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் அதன் ஒளி என்பதால், பகல் வானத்தின் வெளிச்சமே அதை விழுங்கிவிடும். முழுச் சூரிய கிரகணத்தின் சில நிமிடங்களில்தான் தரையிலிருந்து அதைத் தெளிவாகக் காண முடிந்தது. 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து சூரியனின் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், இரண்டின் ஈர்ப்பும் இசைந்து விண்கலத்தைப் பூமியோடு சேர்த்தே நகரவைக்கும் எல்1 புள்ளியைச் சுற்றும் பாதையில் சேர்ந்த ஆதித்யா, சூரியத் தட்டைக் கருவிக்குள்ளேயே மறைத்துவிட்டுக் கொரோனாவை நாள் முழுதும் பார்க்கிறது. அந்தக் கருவியை உருவாக்கியது பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம். கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்துவதும் அதே நிறுவனம்தான் என்பதை மாணவியிடம் மறக்காமல் சொல்லுங்கள். மலையைக் கைவிட்டுவிட்டு விண்ணுக்குப் போனவர்கள் அல்லர் அவர்கள்.

இனி மலைக்கு வருவோம். கண்ணுக்குப் புலப்படும் ஒளியைக் காற்று தடுப்பதில்லை. தரை சூடேறிக் காற்று கலங்குவதற்கு முன், காலை வேளையில், 2,300 மீட்டருக்கு மேல் உயரமுள்ள இடத்திலிருந்து பார்த்தால் சூரியனின் முகம் நன்றாகவே தெரியும். சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழைக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை அறிய வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டு ஆராய்ந்த வானியலாளர் மிக்கி ஸ்மித் கொடைக்கானலைப் பரிந்துரைத்தார். 1899இல் அங்கே ஆய்வகம் அமைந்தது.

அங்கே நடந்த ஒரு கண்டுபிடிப்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1909 ஜனவரியில் அங்கே பணியாற்றிய வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியத் தட்டின் நடுவிலிருந்து விலகி நின்ற கரும்புள்ளிகளின் (சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து கருமையாகத் தெரியும் இடங்களின்) நிறமாலையை, அதாவது நிறங்களாகப் பிரித்த ஒளியைப் படம் பிடித்தார். நிறமாலையின் குறுக்கே ஓடும் கருங்கோடுகள் நேராக இருக்க வேண்டியவை. புள்ளியின் ஓரப் பகுதியைக் கடக்கும் இடத்தில் அவை சாய்ந்திருந்தன. தட்டின் மையத்தை நோக்கிய பக்கத்தில் நீலத்தின் பக்கமாகவும், சூரியனின் விளிம்பை நோக்கிய பக்கத்தில் சிவப்பின் பக்கமாகவும் மயிரிழை அளவுக்கு விலகியிருந்தன. நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடுகள் நீலத்தின் பக்கமும், விலகிச் செல்லும் வாயுவின் கோடுகள் சிவப்பின் பக்கமும் நகரும். எனவே ஒரு பக்கத்து வாயு நம்மை நோக்கியும் மறுபக்கத்து வாயு நம்மைவிட்டு விலகியும் நகர்கிறது, அதாவது கரும்புள்ளியின் நடுவிலிருந்து நாலாபுறமும் வெளிநோக்கி நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் வாயு பாய்கிறது என்பதை அந்தச் சாய்விலிருந்து அவர் கண்டறிந்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுவதும் வழங்கும் அந்தப் பெயர் நம் பழனி மலையில் பிறந்தது. இன்று விண்கலங்களின் படங்களை ஆராய்கிறவர்களும் அந்த ஓட்டத்தின் காரணங்களைத்தான் மேலும் நுணுக்கமாக அலசுகிறார்கள்.

ஆனாலும், மாணவியின் கேள்விக்குரிய முதன்மையான விடை இதுவன்று. விடை காலத்தில் இருக்கிறது. கரும்புள்ளிகள் பெருகிக் குறைய ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகின்றன. எல்லாச் சுழற்சிகளும் ஒரே அளவினவாக இருப்பதில்லை. ஒன்று வலுத்தும் மற்றொன்று மெலிந்தும் வருவதன் காரணத்தை அறிய வேண்டுமானால் பல சுழற்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தாக வேண்டும். ஆதித்யாவுக்குத் திட்டமிடப்பட்ட ஆயுள் 5 ஆண்டுகள், அதாவது ஒரு சுழற்சியில் பாதிகூட இல்லை. 1995 டிசம்பரில் ஏவப்பட்டு சூரியனை நெடுங்காலம் ஆராய்ந்த சோஹோ விண்கலம்கூட மூன்று சுழற்சிகளை முழுமையாகக் கண்டதில்லை. கொடைக்கானலிலோ 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். முதலில் கண்ணாடித் தகடுகளிலும் பின்னர் படச்சுருளிலும் இப்போது மின்னணு உணரிகளிலுமாகப் பத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. பழைய தகடுகளை எண்ணிமப் படங்களாக மாற்றி, உலகின் எந்த ஆய்வாளரும் பயன்படுத்தும்படி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு சிறந்த விண்கலத்தை நாளை ஏவினாலும், அதனால் 1920இன் சூரியனைப் படம் எடுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. விண்வெளியில் இருக்கும் உணரிகள் கதிர்வீச்சால் மெல்ல மெல்ல மங்குகின்றன. சூரியன் மங்கியதா, கருவி மங்கியதா என்ற ஐயம் எழும்போது, அருகில் சென்று சோதிக்க வழியில்லை. தராசைச் சரிபார்க்க முத்திரையிட்ட எடைக்கல் வேண்டியிருப்பதுபோல, விண்கலத்தின் அளவைச் சரிபார்க்கத் தரையிலிருந்து எடுத்த அளவு வேண்டியிருக்கிறது. மூடுபனியால் சில நாட்கள் விட்டுப்போவது உண்மைதான். உலகின் பிற ஆய்வகங்களின் படங்களைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளலாம். தொடர்ச்சியே அறுந்துபோனால் நிரப்புவதற்கு வழியில்லை. ஆகவே இந்த அன்றாடப் பணியை நிறுத்தலாம் என்று யாரேனும் சொன்னால், அதை நாம் உறுதியாக எதிர்க்க வேண்டும் என்பதே எம் கருத்து.

கேள்வி: எங்கள் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் போகும் வழியில் முத்தோரை ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கிறேன். அப்பா காலத்திலிருந்தே அது நிற்கிறது. விண்கலங்கள் இத்தனை வந்துவிட்ட பிறகும் அதனால் பயன் உண்டா?
– ஒரு விவசாயி, எமரால்டு

பதில்: உண்டு, அதுவும் ஆதித்யா செய்ய முடியாத ஒன்றைச் செய்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் ஊட்டிக்கு அருகே கட்டி முடிக்கப்பட்ட அந்தத் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அந்த இடம் பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 11 பாகை வடக்கே இருக்கிறது. மலைச்சரிவின் சாய்வும் ஏறத்தாழ அதே 11 பாகை. சரிவின்மேல் வடக்கு தெற்காகக் கிடத்தியதால், தொலைநோக்கியின் நீள அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. எனவே அந்த ஒரே அச்சில் அதைத் திருப்பிக்கொண்டே வந்தால், வானிலுள்ள ஒரு ரேடியோ மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பார்க்கலாம். தாங்கள் நாள்தோறும் ஏறி இறங்கும் சரிவையே கருவியின் ஓர் உறுப்பாக்கிய அந்தத் திட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எமக்கு மனம் நிறைகிறது.

சூரியனிலிருந்து எப்போதும் மின்னேற்றத் துகள்கள் வீசிக்கொண்டிருக்கின்றன. அதைச் சூரியக்காற்று என்கிறோம். தொலைதூர ரேடியோ மூலங்களின் அலைகள் அந்தக் காற்றினூடே வரும்போது மினுக்குகின்றன. எவ்வளவு வேகமாக, எவ்வளவு வலுவாக மினுக்குகின்றன என்பதை முத்தோரையில் பல திசைகளில் அளந்தால், சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட வெளியில் எங்கே காற்று அடர்ந்து வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது என்பதைக் கணிக்கலாம். ஆதித்யாவோ தான் இருக்கும் ஒரே இடத்தில் தன்மேல் மோதும் துகள்களைத்தான் அளக்கிறது. நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று அங்கிருந்து பூமியை அடைய ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாகும். செயற்கைக்கோள்களையும் மின்தொகுப்புகளையும் பாதுகாக்க அந்த அவகாசம் மிகக் குறைவு. அதனால் புயல் நடுவழியில் இருக்கும்போதே காட்டும் முத்தோரையும், வாசலுக்கு வந்ததும் துல்லியமாக அளக்கும் ஆதித்யாவும் ஒன்றுக்கொன்று துணை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய ஊட்டியிலேயே இயங்கும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடமும் 2015 ஜூன் 22 அன்று ஒரு சூரியப் புயல் பூமியைத் தாக்கியபோது அக்கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதுவதால் உண்டாகும் மியூவான் துகள்கள் சுமார் இரண்டு மணி நேரம் மிகுந்திருந்ததைப் பதிவு செய்தது.

கேள்வி: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நம் நிலவை ஏன் படம் எடுப்பதில்லை?
– பிளஸ் டூ மாணவர், குன்னூர்

பதில்: திரும்பிப் பார்த்தால் அதன் கருவிகள் கெட்டுவிடும். வெப் பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்களை, அதாவது வெப்பத்தின் கதிர்களை. தானே சூடாக இருந்தால் தொலைவிலிருந்து வரும் மெல்லிய வெப்பத்தை அதனால் உணர முடியாது. ஆகவே 6.5 மீட்டர் அகலமுள்ள ஆடியையும் கருவிகளையும் ஐந்து அடுக்குத் திரையின் நிழலில் குளிரவைத்து, சூரியன், பூமி, நிலவு மூன்றும் எப்போதும் திரையின் மறுபக்கத்தில் இருக்கும்படி பூமிக்கு அப்பால், சூரியனுக்கு எதிர்த்திசையிலுள்ள எல்2 என்ற புள்ளியைச் சுற்ற விட்டிருக்கிறார்கள். ஆதித்யா இருப்பதும் அதே 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில்தான், ஆனால் பூமிக்கு எதிர்ப்புறத்தில். இதே காரணத்தால் வெள்ளியையும் புதனையும்கூட வெப் பார்க்க முடியாது. அவற்றை அருகிலிருந்து அறிய விண்கலம் அனுப்ப வேண்டும். புதனுக்கென்று 2018இல் புறப்பட்ட பெப்பிகொலம்போவின் பணி அதுவே.