எழுந்து வந்து பாடுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

கணவரின் வேலை காரணமாக இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். இங்கே ஒரு பப்பின் மாடி அறையில் வாரம் ஒருமுறை நாட்டுப்புறப் பாடல்கள் பாடும் ஃபோக் கிளப் நடக்கிறது. அதில் நானும் ஒரு தன்னார்வலர். வாசலில் காசு வாங்குவது, நாற்காலி போடுவது, இடைவேளையில் குலுக்கல் சீட்டு விற்பது என் வேலை. யாருக்கும் சம்பளம் கிடையாது. செப்டம்பரில் புது சீசன் தொடங்குகிறது. இம்முறை மாதம் ஒரு தடவை முதியோர் இல்லம், நூலகம், தேவாலயக் கூடம் என்று வெளியே போயும் பாடப்போகிறார்கள்.

இதற்கிடையே குழுவில் ஒரு தகராறு. சிறப்புப் பாடகர் மேடையேறும் முன் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து ஆளுக்கு இரண்டு பாட்டுப் பாடுவது வழக்கம். ஃப்ளோர் சிங்கர்ஸ் என்று பெயர். சிலர் சுமாராகத்தான் பாடுகிறார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். இதை நிறுத்திவிட்டுத் தேர்ந்த கலைஞர்களை மட்டும் பாடவைத்தால்தான் இளைஞர்கள் வருவார்கள் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். என் கருத்தையும் கேட்கிறார்கள். போதாததற்கு, "அவங்க பாட்டுக்கு நீ ஏன் நாற்காலி தூக்குற?" என்று எங்கள் தமிழ் நண்பர்கள் வேறு. என்ன சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஃப்ளோர் சிங்கர்களை நிறுத்தக் கூடாது. ஓட்டெடுப்பு வந்தால் தயங்காமல் அந்தப் பக்கம் கை தூக்குங்கள். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இங்கிலாந்தில் நாட்டுப்புறப் பாடல் சங்கம் 1898இல் தொடங்கியது. அதன் முதல் செயலாளரான கேட் லீ, சஸெக்ஸ் கடற்கரையில் உள்ள ராட்டிங்டீன் ஊரில் ஜேம்ஸ் காப்பர், தாமஸ் காப்பர் என்ற சகோதரர்களைப் பாடவைத்துக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒருவர் பண்ணை மேற்பார்வையாளர், மற்றவர் பப் நடத்தியவர். 1903இல் சாமர்செட்டின் ஹாம்பிரிட்ஜில் ஒரு பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டே ஒருவர் பாடியதை, செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் கேட்டார். பாடியவர் பெயர் ஜான் இங்கிலாந்து. தோட்டக்காரர். ஷார்ப் பிற்பாடு ஆயிரக்கணக்கில் சேகரித்த பாடல்களுக்கு அவர்தான் ஆரம்பம். இவர்களில் ஒருவர்கூடக் கச்சேரி செய்து பிழைத்தவர் இல்லை. வயலில், பப்பில், அறுவடை விருந்தில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் பாடியவர்கள். இன்று உங்கள் கிளப்புக்கு வந்தால் இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போய் உட்காரும் வரிசையில்தான் இருப்பார்கள். உங்கள் குழு நீக்க நினைப்பது அந்த வரிசையை.

அடுத்த அலை ஐம்பதுகளில் வந்தது. 1956இல் பாடகர் லானி டானிகனின் இசைத்தட்டு ஒன்று பெரிய வெற்றி பெற்றது. ஸ்கிஃபிள் என்ற எளிய பாட்டுவகை அது. ஒரு மலிவான கிட்டார், துணி துவைக்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பும் கயிறும் கட்டிச் செய்த, கீழ்ச்சுருதிக்கான ஒரு பாஸ் வாத்தியம், இவ்வளவு இருந்தால் குழு தயார். நாடு முழுக்கப் பையன்கள் கிளம்பினார்கள். ஸ்கிஃபிள் மோகம் இரண்டு மூன்று வருடத்தில் அடங்கியது, ஆனால் கூடிப் பாடப் பழகியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பப் மாடிகளில் ஃபோக் கிளப்கள் முளைத்தன. பிராட்ஃபோர்டின் டாபிக் ஃபோக் கிளப் அதே 1956இல் தொடங்கியது. விடாமல் நடந்துவரும் கிளப்களில் அதுவே மிகப் பழையது என்று சொல்வார்கள்.

ஹல் நகரின் வாட்டர்சன் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். நார்மா, மைக், லால் மூவரும் பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர்கள். அவர்களும் ஸ்கிஃபிளில்தான் ஆரம்பித்தார்கள். அப்புறம் உறவினர் ஜான் ஹாரிசனையும் சேர்த்துக்கொண்டு, வாத்தியமே இல்லாமல் நான்கு குரலில் பழைய பாடல்களைப் பாடினார்கள். ஒரு பப்பில் சொந்தமாகக் கிளப்பும் நடத்தினார்கள். 1965இல் முதல் முழு இசைத்தட்டு வந்தது. நார்மாவின் தனி ஆல்பம் 1996இல், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது. அவர்களுக்கு இசைக் கல்லூரி கிடையாது. வாராவாரம் தெரிந்த முகங்களுக்கு முன்னால் நின்று பாடிய அறைதான் அவர்களை உருவாக்கியது. நீங்கள் பணம் கொடுத்து அழைக்கும் சிறப்புப் பாடகரிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் ஏதோ ஓர் ஊரில் ஃப்ளோர் சிங்கராக நடுங்கிக்கொண்டு நின்றவராகத்தான் இருப்பார்.

நான் யார்க்ஷயரில் அப்படி ஒரு கிளப்புக்குப் போயிருக்கிறேன். ஒலிபெருக்கி இல்லை. மேடை என்று சொல்லும்படி எதுவும் இல்லை, நாற்காலிகளுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் இடம், அவ்வளவுதான். எழுபதைத் தாண்டிய ஒருவர், கம்பளிச் சட்டையின் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டு சுரங்கத் தொழிலாளர் பாட்டு ஒன்றை எடுத்தார். மூன்றாவது சரணத்தில் சொல் வரவில்லை. கண்ணைத் திறக்காமல் நின்றார். யாரும் இருமவில்லை. பின்வரிசையில் ஒரு பெண்மணி அந்த அடியின் முதல் இரண்டு சொல்லை மட்டும், பாடாமல், பேச்சாகச் சொன்னார். அவர் தலையசைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பல்லவி வந்தபோது அறை முழுக்க மூன்று சுருதியில் சேர்ந்துகொண்டது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே. அன்றைய சிறப்புப் பாடகர் முன்வரிசையில் உட்கார்ந்து கீழ்ச்சுருதி பாடிக்கொண்டிருந்தார். அவர் நன்றாகத்தான் பாடினார். ஆனாலும் அன்றிரவு என்னோடு வந்தது அந்த முதியவரின் பாட்டு.

சரி, தரம்? முணுமுணுப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கைப்பேசியைப் பார்த்து வாசிப்பதுபோல ஒரு பாட்டை ஒப்பேற்றுகிறவர், கேட்க வந்தவர்களை மதிக்கவில்லை. அதற்குத் தடை போடுவது தீர்வாகாது, பயிற்சிதான் தீர்வு. ஃபோக் பாடகர்களான ஈவன் மக்கால், பெகி சீகர் இருவரும் 1964இல் கிரிட்டிக்ஸ் குரூப் என்ற பெயரில் இளம் பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு வருடக்கணக்கில் குரலையும் பாடலின் பின்னணியையும் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு மதியம் அதே அறையில் கூடி, ஒருவர் பாட மற்றவர் கேட்டுக் கருத்துச் சொல்லுங்கள். வியாழனோ வெள்ளியோ மேடைக்கு வரும்போது பாட்டு மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று மட்டும் ஒரு விதி வையுங்கள். இளைஞர்கள் வரவேண்டும் என்றால் அவர்களுக்கும் இரண்டு பாட்டு இடம் கொடுங்கள். காசு கொடுத்துக் கேட்டுவிட்டுப் போக அவர்களுக்கு வேறு நூறு இடம் இருக்கிறது.

நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். லண்டனில் மக்கால் முன்னின்று நடத்திய கிளப்பில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது: மேடையேறுகிறவர் தன் மொழியின், தன் மக்களின் பாட்டைத்தான் பாட வேண்டும். லண்டன் பையன்கள் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாடல்களை இரவல் உச்சரிப்பில் பாடிக்கொண்டிருந்த காலம் அது. பலருக்குக் கோபம் வந்தது. மொழி தாண்டிப் பாடக் கூடாது என்பது எனக்கும் ஒப்புதல் இல்லை. ஆனால் அந்த விதியால் ஆளாளுக்குச் சொந்த ஊரின் பாட்டைத் தேடிப் போனார்கள் என்பது உண்மை.

அதை உங்கள் பக்கமிருந்து பாருங்கள். அந்த அறையில் தமிழ்ப் பாட்டு தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். பாட்டியிடம் கேட்ட தாலாட்டோ நடவுப் பாட்டோ நாலு அடி நினைவிருக்காதா? இல்லையென்றால் ஊருக்கு ஃபோன் போட்டு அத்தையிடம் கேளுங்கள். கப்பலில் கயிறு இழுக்கும்போது ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும் ஷாண்டி பாட்டுகள் உங்கள் கிளப்பில் நிச்சயம் உண்டு. நம் கடற்கரையில் வலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டும் அதே வேலைக்கான பாட்டுதான். 'ஏலேலோ' என்று நீங்கள் எடுத்தால் இரண்டாவது தடவை அந்த அறை தானாகச் சேர்ந்துகொள்ளும், அவர்களுக்கு அர்த்தம் சொல்லவே தேவையில்லை. முன்னதாக ஒரே ஒரு வாக்கியத்தில் அது யார் பாடும் பாட்டு என்று சொல்லிவிடுங்கள், போதும். நண்பர்களையும் அன்றைக்கு அழைத்து வாருங்கள்.

வெளி நிகழ்ச்சிகளைப் பற்றி. ஷெஃபீல்டுக்கு அருகே டங்வொர்த் போன்ற ஊர்களின் பப்களில் நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் மறுநாள் வரை உள்ளூர் கேரல்களைப் பாடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவாலயங்கள் ஒதுக்கிய பாடல்கள் பப்பில் தஞ்சம் புகுந்து பிழைத்த கதை அது. ஒரே வரிகளுக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு மெட்டு. அங்கே பாடுகிறவர், கேட்கிறவர் என்று தனித்தனியாக யாரும் இல்லை. முடிந்தால் இந்தக் குளிர்காலத்தில் குழுவோடு ஒரு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நூலகத்திலும் தேவாலயக் கூடத்திலும் எப்படிப் பாடுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. அனுமதிச் சிக்கலும் பெரிதாக இருக்காது. 2012இன் நேரடி இசைச் சட்டத்துக்குப் பிறகு, ஒலிபெருக்கி இல்லாமல் காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை பாட உரிமம் தேவையில்லை.

முதியோர் இல்ல நிகழ்ச்சியை மட்டும் கொஞ்சம் யோசித்து அமையுங்கள். இப்போது 85 வயதில் இருப்பவருக்கு 1956இல் பதினைந்து பதினாறு வயது. தகரப் பலகையைத் தட்டிக்கொண்டு தெருவில் திரிந்த பையன்களும், அவர்களைக் கேட்கப் போன பெண்களும் அங்கே கட்டாயம் இருப்பார்கள். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே நீங்கள் போய், யார் யாருக்கு என்ன பாட்டு தெரியும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் பாடகர்கள் அந்தப் பாட்டுகளைக் கற்றுக்கொண்டு போகட்டும். ஃப்ளோர் சிங்கர்களுக்கான முதல் இடத்தை அன்று இல்லத்தில் இருப்பவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். பல்லவியை உங்கள் ஆட்கள் சேர்ந்து பாடினால் போதும்.

அன்புடன்.