அனிமே வேலை என்றால் படம் வரைவது மட்டும் இல்லை, அம்மா

வணக்கம் அம்மா. பிளஸ் டூவில் காமர்ஸ் படிக்கிற பெண் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் துறைக்குத்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறாள், பொம்மைப் படம் வரைந்து எப்படிப் பிழைப்பாள் என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயம்தான். ஜப்பானில் ஸ்டூடியோக்களில் புதிதாகச் சேர்ந்து வரைகிறவர்களுக்குச் சம்பளம் ரொம்பக் குறைவு, பலருக்கு வரைந்து கொடுத்த படத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஆனால் அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசியதில் உங்கள் மகள் வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொடருக்குப் பணம் போடுவது யார், பொம்மை எப்படிக் கடைக்கு வருகிறது, நல்ல தொடர்கூட ஏன் பாதியில் நின்றுபோகிறது என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தாள். இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர்கள் விளம்பர ஏஜென்சிக்காரர்கள்.

சோட்சு என்று ஒரு ஏஜென்சி. 1965-இல் டோக்கியோவில் தொடங்கி, முதலில் பேஸ்பால் அணியின் பெயர் போட்ட பொருட்களை விற்றுக்கொண்டிருந்தது. 1979-இல் கன்டம் என்ற ரோபோ தொடரில் இறங்கியது. ஸ்பான்சராக இருந்த பொம்மைக் கம்பெனிக்கு விற்பனை சரியில்லை, 52 வாரம் ஓட வேண்டிய தொடரை 43-இல் முடித்துவிட்டார்கள். அடுத்த வருடமே பண்டாய் என்ற இன்னொரு பொம்மைக் கம்பெனி கொண்டுவந்த பிளாஸ்டிக் மாடல்கள் பிய்த்துக்கொண்டு போக, அதே தொடர் நாற்பது வருடத்துக்கும் மேல் சோறு போடுகிறது. உரிமையில் பங்கு வைத்திருந்ததால்தான் கன்டம் பொம்மைப் பெட்டிகளில் சோட்சுவின் பெயரும் இருக்கும். கடைசியில் 2020-இல் பண்டாயின் குழுமமான பண்டாய் நாம்கோ அந்த ஏஜென்சியையே முழுதாக வாங்கிக்கொண்டது.

இன்றைக்குப் பெரும்பாலான தொடர்களை ஒரே கம்பெனி எடுப்பதில்லை. பதிப்பகம், டிவி, பாட்டுக் கம்பெனி, பொம்மைக் கம்பெனி, விளம்பர ஏஜென்சி எல்லாம் சேர்ந்து தயாரிப்புக் குழு அமைத்துப் பணம் போடும், போட்ட பங்குக்கு ஏற்ப லாபம். ஸ்டூடியோ பங்கு போடவில்லை என்றால் அதற்கு வேலைக்கூலி மட்டும்தான். ஸ்பான்சர் பிடிப்பது, ஒளிபரப்பு நேரம் வாங்குவது, பிஸ்கட் பாக்கெட்டில் பாத்திரத்தின் படம் போடக் கேட்கிறவர்களிடம் லைசென்ஸ் பேசுவது இதெல்லாம் பெரும்பாலும் ஏஜென்சி பக்கம். டோரேமான், ஷின்-சான் இரண்டிலும் உள்ள ஏடிகே ஏஜென்சியை 2025-இல் வாங்கியது யார் தெரியுமா? பப்ஜி விளையாட்டின் கொரியக் கம்பெனி, 7,500 கோடி யென் கொடுத்து. ஒப்பந்தம், கணக்கு, காப்புரிமை தெரிந்த ஆட்களுக்கு அங்கே வேலை இருக்கிறது, காமர்ஸ் படித்தது வீண் போகாது.

சரி, கஷ்டம் எங்கே என்றால் மொழியில். ஸ்பான்சரிடம் பேச வேண்டியவள் ஜப்பானிய மொழியில் அவர்களுக்குச் சமமாகப் பேச வேண்டும், ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 அடிப்படை, என்1 உச்சம்; அதில் என்2 வாசல், என்1 இருந்தால்தான் தைரியமாக நிற்கலாம். என்5-இல் தொடங்கி அங்கே போய்ச் சேர வருடக்கணக்கில் ஆகும், அதனால் இப்போதே ஆரம்பிக்கட்டும். தேர்வு சென்னையிலேயே நடக்கிறது. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குப் பிளஸ் டூ முடித்ததும் முயலலாம். கல்விக் கட்டணம், விமான டிக்கெட், மாதப்பணம் எல்லாம் அவர்களே தருவார்கள், முதல் வருடம் மொழிப் பயிற்சி. போட்டி கடுமை, இவள் கணக்கையும் ஆங்கிலத்தையும் விடாமல் படிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இங்கேயே பி.காம். படித்துக்கொண்டு மாலையில் மொழி வகுப்பு போகட்டும்.

ஒன்றே ஒன்றுக்குக் கெஞ்சிக் கேட்கிறேன். ஆறு மாத அனிமேஷன் கோர்ஸ், முடித்ததும் ஜப்பானில் வேலை என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். இந்த மாதிரி அலுவலக வேலைக்கான விசாவுக்குப் பட்டமோ ஜப்பானியத் தொழிற்கல்லூரி டிப்ளமோவோ கேட்பார்கள், அந்தச் சான்றிதழ் அங்கே செல்லாது.

அடுத்த முறை வரும்போது அவளுடைய கணக்கு மார்க்கையும் கொண்டுவாருங்கள், மெக்ஸ்டுக்கு எவ்வளவு தயார் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து பார்ப்போம்.